17ஆம் எண் சட்டையிலிருந்து பெஞ்சுக்குப் பின்னால்: ராட் பிரிண்டமோர்

கேள்வி இதுதான்: "ஐஸ் ஹாக்கியில் வேய்ன் கிரெட்ஸ்கியை மிஞ்சிய ஆட்டக்காரர் இல்லை என்கிறார்கள். அவரே கோச்சாக வந்தபோது எடுபடவில்லை. ஆனால் கரோலினா ஹரிக்கேன்ஸ் அணிக்கு அதன் பழைய கேப்டன் ராட் பிரிண்டமோர் கோச்சாக வந்ததும் அணியே மாறிவிட்டது. ஒருவருக்குக் கைகூடியது இன்னொருவருக்கு ஏன் கைகூடவில்லை?"

நான் ஹரிக்கேன்ஸ் ஆட்டங்களைப் பல வருடங்களாக விடாமல் பார்க்கிறவன். பிரிண்டமோர் மீது எனக்குப் பெரிய மரியாதை உண்டு. அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், இதைப் படிக்கும்போது நீங்கள் அதையும் கணக்கில் எடுத்துக்கொள்ளலாம்.

சுருக்கமான பதில்: பிரிண்டமோர் ஆடியது சொல்லிக்கொடுக்கக்கூடிய ஆட்டம். கிரெட்ஸ்கி ஆடியது அப்படிப்பட்டதல்ல. இன்னொன்று, பிரிண்டமோர் தலைமைக் கோச் ஆவதற்கு முன் ஏழு வருடம் அதே ஊரில், அதே அணியில் உதவிக் கோச்சாக இருந்தார். அந்த ஏழு வருடமும் அணி தோற்றுக்கொண்டே இருந்தது. கொஞ்சம் விரித்துச் சொன்னால்தான் இது விளங்கும்.

முதலில் கிரெட்ஸ்கிக்கு நியாயம் செய்துவிடலாம். என்.எச்.எல். எனப்படும் வட அமெரிக்கத் தொழில்முறை லீகில் அவர் எடுத்தவை 894 கோல்கள், 1,963 அசிஸ்டுகள், அதாவது அடுத்தவர் கோல் அடிக்க உதவியவை. கோலுக்கும் அசிஸ்டுக்கும் வீரருக்கு ஒவ்வொரு பாயின்ட். அந்த அசிஸ்டுகளை மட்டும் எண்ணினாலும் வேறு எந்த வீரரின் மொத்தப் பாயின்ட்டுகளும் அதற்குக் கீழேதான் நிற்கும். 2005இல் ஃபீனிக்ஸ் கயோட்டீஸ் அணிக்குத் தலைமைக் கோச் ஆனார். நான்கு சீசன்கள், 143 வெற்றி, 161 தோல்வி, ஓவர்டைமில் 24 தோல்வி. ஒரு வருடம்கூட பிளேஆஃப் பார்க்கவில்லை. அந்த அணி பலவீனமான அணி என்பதையும், 2009இல் அது திவால் நீதிமன்றம் வரை போனதையும் மறக்கக் கூடாது. எல்லாப் பழியையும் அவர் தலையில் போடுவது சரியல்ல. ஆனாலும் ஒரு சிக்கல் இருந்தது. பக், அதாவது பந்துக்குப் பதிலாக இதில் அடிக்கும் ரப்பர் வட்டு, அடுத்து எங்கே வரும் என்பது மற்றவர்கள் யோசிக்கும் முன்பே அவருக்குத் தெரிந்துவிடும். எதிரணியின் கோலுக்குப் பின்னால் போய் நின்றுகொண்டு, முன்னால் நடப்பதை எல்லாம் ஒரே பார்வையில் படித்துவிடுவார். அதை எப்படிச் செய்தாய் என்று கேட்டால் என்ன பதில் சொல்ல முடியும்? நல்ல கைப்பக்குவம் உள்ள பாட்டியிடம் உப்பு எவ்வளவு என்று கேட்டால் "கண் அளவுதான்" என்பார்களே, அதுபோல.

பிரிண்டமோர் அந்த ரகம் இல்லை.

1970இல் ஒட்டாவாவில் பிறந்து, கனடாவின் மேற்குக் கரையில் வான்கூவர் தீவில் இருக்கும் கேம்பல் ரிவர் என்ற சின்ன ஊரில் வளர்ந்தவர். சஸ்காச்சவான் மாகாணத்தில் வில்காக்ஸ் என்ற குக்கிராமத்தில் நோட்ரடாம் என்றொரு உறைவிடப் பள்ளி இருக்கிறது, ஹாக்கிக்குப் பேர்போனது. அங்கே ஆடினார். 1988 டிராஃப்டில், அதாவது அணிகள் முறைவைத்து இளம் வீரர்களைத் தேர்ந்தெடுக்கும் நிகழ்வில், செயின்ட் லூயிஸ் புளூஸ் அணி ஒன்பதாவது ஆளாக எடுத்தது. ஒரு வருடம் மிஷிகன் ஸ்டேட் பல்கலைக்கழகத்தில் ஆடிவிட்டு என்.எச்.எல்.லுக்கு வந்தார். அந்தக் கல்லூரி நாட்களைப் பற்றி ஒரு கதை சொல்வார்கள்: ஆட்டம் முடிந்த பிறகும் எடை தூக்க ஜிம்முக்குப் போய்விடுவாராம், உடம்பு தாங்காது என்று பயந்து கடைசியில் கதவைப் பூட்டி வைத்தார்களாம். கதையில் எத்தனை சதவீதம் மசாலா என்று எனக்குக் கவலையில்லை. அவரோடு ஆடிய எல்லோரும் அவரைப் பற்றி இப்படித்தான் பேசுகிறார்கள் என்பதே எனக்கு முக்கியம்.

1991இல் புளூஸ் அவரை பிலடெல்பியா ஃப்ளையர்ஸ் அணிக்கு மாற்றிவிட்டது. அங்கே 1993இலிருந்து 1999 வரை ஓர் ஆட்டம்கூட விடாமல் தொடர்ந்து 484 ஆட்டங்கள் ஆடினார், அந்த அணியில் அதற்கு முன் யாரும் அதன் பக்கத்தில்கூட வரவில்லை. ஐஸ் ஹாக்கியில் இது எவ்வளவு கடினம் என்பதைச் சொல்லியாக வேண்டும். சீசனுக்கு 82 ஆட்டங்கள். பக் என்பது கெட்டியான ரப்பர், உறைய வைத்துத்தான் ஆட்டத்துக்கு எடுத்து வருவார்கள். அது மணிக்கு 140, 150 கிலோமீட்டர் வேகத்தில் வரும்போது குறுக்கே காலை வைத்துத் தடுப்பது பிரிண்டமோர் போன்றவர்களின் அன்றாட வேலை. கடைசியில் 1999இல் பாத எலும்பு முறிந்துதான் அந்தத் தொடர் நின்றது. 1994 உலகச் சாம்பியன்ஷிப் இறுதியில் பின்லாந்துக்கு எதிராகத் தோற்கும் நிலையில் இருந்த கனடாவுக்குச் சமன் செய்த கோல் அவருடையது. ஷூட்அவுட்டில் வென்று 33 வருடத்துக்குப் பிறகு கனடா தங்கம் வாங்கியது. 1997இல் ஃப்ளையர்ஸ் என்.எச்.எல். சாம்பியனுக்கான ஸ்டான்லி கோப்பையின் இறுதிச் சுற்று வரை போய், டெட்ராய்ட் அணியிடம் நான்குக்குப் பூஜ்யம் என்று தோற்றது.

இப்போது ஒரே ஒரு விஷயத்தைக் கொஞ்சம் கிட்டத்தில் வைத்துப் பார்க்கலாம்: ஃபேஸ்ஆஃப்.

விசில் ஊதி ஆட்டம் நிற்கும் ஒவ்வொரு முறையும், ஐஸ் மேல் வரைந்திருக்கும் ஒரு புள்ளியின் இரு பக்கமும் ஆளுக்கு ஒருவராகக் குனிந்து நிற்பார்கள். நடுவே லைன்ஸ்மேன் என்ற துணை நடுவர் பக்கைக் கீழே போடுவார். யார் ஸ்டிக்கால் அதைத் தன் ஆள் பக்கம் இழுக்கிறாரோ, பக் அவர் அணிக்கு. மொத்தமும் ஒரு விநாடிகூட இல்லை. டி.வி.யில் பார்க்கும்போது குருட்டு அதிர்ஷ்டம் மாதிரித் தெரியும். அதிர்ஷ்டம் என்றால் எல்லோருக்கும் நூற்றுக்கு ஐம்பதுதானே வர வேண்டும்? பிரிண்டமோருக்கு 2005-06 சீசனில் ஏறத்தாழ 59. ஸ்டிக்கின் கீழ்ப்பகுதியை, பிளேடுக்குக் கிட்டத்தில், இறுக்கிப் பிடிப்பார். கால்களை அகட்டி இடுப்பைத் தாழ்த்துவார். எதிரில் நிற்பவர் வலக்கையரா இடக்கையரா, இதற்கு முந்தைய தடவை எந்தப் பக்கம் இழுத்தார், லைன்ஸ்மேன் பக்கை எந்த வேகத்தில் போடுகிறார், எல்லாம் மண்டைக்குள் இருக்கும். பக் விழுந்ததும் முதலில் எதிராளியின் ஸ்டிக்கைத் தட்டிவிட்டு, அப்புறம் பக்கை இழுப்பது, இழுக்க முடியாவிட்டால் தோளைக் கொடுத்து ஆளை நகரவிடாமல் நிறுத்தித் தன் ஆள் வந்து எடுக்க நேரம் வாங்குவது.

இதில் ஒவ்வொன்றையும் இன்னொருவருக்குச் சொல்லிக் காட்டலாம். எங்கே கையை வை, எங்கே காலை வை, எதைக் கவனி. அவர் பெயர் வாங்கியது எல்லாமே இந்த மாதிரி வேலைகளில்தான்: ஃபேஸ்ஆஃப், எதிரணியின் சிறந்த ஆட்டக்காரரை ஒட்டிக்கொண்டே போவது, ஆள் குறைவாக ஆடும்போது தடுப்பது, கோலுக்கு முன்னால் அடி வாங்கிக்கொண்டு நிற்பது. தடுப்பாட்டத்தில் சிறந்த முன்கள வீரருக்கான ஃபிராங்க் செல்கி விருது 2006, 2007 என இரண்டு வருடமும் அவருக்குத்தான். அதற்காக கோல் அடிக்கத் தெரியாதவர் என்று நினைத்துவிடாதீர்கள். 1,484 ஆட்டங்களில் 452 கோல், 732 அசிஸ்ட்.

2000 ஜனவரியில் ஃப்ளையர்ஸ் அவரை கரோலினாவுக்கு அனுப்பியது. சம்பளத் தகராறில் ஆடாமல் உட்கார்ந்திருந்த கீத் பிரைமோ என்ற வீரரை வாங்க, இவரைக் கொடுத்தார்கள். அப்போது கரோலினா என்றால் யாருக்கும் பெரிதாக மதிப்பில்லை. ஹார்ட்ஃபோர்டிலிருந்து பெயர்ந்து வந்து மூன்று வருடமான அணி. பனியே அபூர்வமாகப் பெய்கிற ராலே நகரம், கல்லூரிக் கூடைப்பந்தைத் தவிர வேறு எதையும் ஏறெடுத்துப் பார்க்காத மக்கள். எட்டு வருடம் உயிரைக் கொடுத்து ஆடிய ஊரிலிருந்து அங்கே அனுப்பப்பட்டது அவருக்கு எப்படி இருந்திருக்கும் என்று நானும் பலமுறை நினைத்துப் பார்த்திருக்கிறேன். 2002இல் அந்த அணியோடும் இறுதிச் சுற்றுக்குப் போனார். மறுபடியும் டெட்ராய்ட், மறுபடியும் தோல்வி.

2005இல் கேப்டன் ஆனார். அந்த சீசனில் ஆட்டத்துக்குச் சராசரியாக 24 நிமிடத்துக்கு மேல் ஐஸில் இருந்தார். மூன்று பீரியடும் சேர்த்து மொத்தமே 60 நிமிட ஆட்டம், முன்கள வீரர்கள் 18, 20 நிமிடம் ஆடினாலே பெரிய விஷயம். அவருக்கு அப்போது வயது 35.

2006 இறுதிச் சுற்றின் முதல் ஆட்டத்தை நான் இன்றைக்கும் எடுத்துப் போட்டுப் பார்ப்பதுண்டு. எட்மன்டன் ஆயிலர்ஸ் 3-0 என்று முன்னால் இருந்தது. கரோலினா ஒவ்வொன்றாகத் திருப்பியது. மூன்றாவது பீரியடில் எட்மன்டனின் கோல்கீப்பர் ட்வெய்ன் ரோலோசன் காயம்பட்டு வெளியேற, டை கான்க்லின் உள்ளே வந்தார். 4-4. ஆட்டம் முடிய அரை நிமிடம்தான் பாக்கி. எல்லோரும் ஓவர்டைமுக்குத் தயாராகிவிட்டார்கள். பக் எட்மன்டன் கோலுக்குப் பின்னால் போக, கான்க்லின் அதை எடுக்கக் கோலை விட்டு வெளியே போனார். தன் ஆள் ஜேசன் ஸ்மித்திடம் தள்ளிவிட நினைத்தார், அது சரியாகப் போய்ச் சேரவில்லை. அந்த நேரத்தில், தோல்வியும் இல்லை வெற்றியும் இல்லை என்ற நிலையில், அத்தனை நிமிடம் ஆடிக் களைத்த ஒருவர் அந்த மூலைக்குப் போக வேண்டிய அவசியமே இல்லை. பிரிண்டமோர் போனார். பக் அவர் ஸ்டிக்கில் வந்து விழுந்தது, கோலில் ஆள் இல்லை. 5-4.

ஏழாவது ஆட்டம் வரை போய், ஜூன் 19 அன்று சொந்த ஊரில் 3-1 என்று வென்றார்கள். கோப்பையைக் கொடுக்கும்போது லீகின் கமிஷனரும் கேப்டனும் கோப்பைக்கு இரு பக்கமும் நின்று புகைப்படத்துக்குச் சிரிப்பது வழக்கம். பிரிண்டமோர் அதற்கெல்லாம் நிற்கவில்லை. கமிஷனர் கேரி பெட்மன் கையிலிருந்து ஏறக்குறையப் பிடுங்கி, தலைக்கு மேல் தூக்கிவிட்டார். 17 வருடம் காத்திருந்தவருக்கு அந்த இரண்டு விநாடி பொறுக்க முடியவில்லை. அடுத்து அதை அவர் கொடுத்தது கிளென் வெஸ்லி கையில். அணி ஹார்ட்ஃபோர்டில் இருந்த காலத்திலிருந்தே ஆடிய மூத்த தடுப்பாட்டக்காரர், 1987இலிருந்து கோப்பை இல்லாமல் ஆடியவர்.

பெரும்பாலான கட்டுரைகள் இந்தப் படத்தோடு அவர் ஆட்ட வாழ்க்கையை முடித்துவிடும். ஆனால் உங்கள் கேள்விக்குப் பதில் இதற்கு அப்புறம்தான் இருக்கிறது என்பது என் எண்ணம்.

முழங்கால் போனது, வேகம் குறைந்தது. 2010 ஜனவரியில், சீசன் நடுவிலேயே, கேப்டன் பொறுப்பை அவரிடமிருந்து எடுத்து இளைஞர் எரிக் ஸ்டாலிடம் கொடுத்தார்கள். சட்டையில் இருந்த கேப்டன் எழுத்தை இழந்த பிறகும், அதே லாக்கர் ரூமில், அதே ஆட்களோடு, குறைந்த நேரமே ஐஸில் இறங்கும் நான்காவது வரிசையில் சில நிமிடங்கள் ஆடி அந்த சீசனை முடித்தார். 80 ஆட்டங்களில் 19 பாயின்ட். ஆட்டத்துக்கு 24 நிமிடம் ஆடியவர், நாலு வருடத்தில் பெஞ்சில் தன் முறைக்காகக் காத்திருக்கும் ஆளானார். 2010 ஜூனில் ஓய்வு.

நட்சத்திர ஆட்டக்காரர்களில் பலருக்கு இந்த அனுபவமே வாய்ப்பதில்லை. உச்சியில் இருக்கும்போதே விலகிவிடுவார்கள். ஒரு கோச்சின் கையில் இருக்கும் இருபது பேரில் பாதிப்பேர் கீழ் வரிசை ஆட்கள். அவர்களிடம் போய் "இன்றைக்கு உனக்கு எட்டு நிமிடம்தான்" என்று சொல்வது கோச்சின் தினசரி வேலை. அதைக் கேட்டு நின்றவர் சொல்வதற்கும் கேட்டறியாதவர் சொல்வதற்கும் வித்தியாசம் இருக்கத்தான் செய்யும்.

2011 பிப்ரவரியில் 17ஆம் எண் சட்டையை அரங்கத்தின் கூரையில் ஏற்றி, இனி யாருக்கும் அந்த எண் இல்லை என்று அறிவித்தார்கள். சில மாதங்களிலேயே அவர் உதவிக் கோச்சாகச் சேர்ந்தார். தன் சட்டை தொங்கும் கூரைக்குக் கீழே, இன்னொருவருக்குக் கீழ் வேலை. முதலில் பால் மோரிஸ், பிறகு கர்க் மல்லர், பிறகு பில் பீட்டர்ஸ், மூன்று தலைமைக் கோச்சுகள் மாறினார்கள். பிரிண்டமோர் அங்கேயே இருந்தார். இளம் வீரர்களை ஜிம்முக்கு இழுத்துப்போவது, ஃபேஸ்ஆஃப் பழக்குவது, வீடியோ ஓட்டிக் காட்டுவது. 2009க்குப் பிறகு ஒன்பது வருடம் தொடர்ந்து அணி பிளேஆஃபுக்குள் போகவில்லை, அதில் ஏழு வருடம் இவர் பெஞ்சில் நின்று பார்த்தார். ஓர் அணி எப்படியெல்லாம் தோற்கலாம் என்பதற்கு அதைவிட நல்ல பள்ளிக்கூடம் கிடையாது. எந்த மாதிரிப் பேச்சு வீரர்களின் காதில் ஏறாமல் போகிறது, பிப்ரவரி மாதம் வாக்கில் லாக்கர் ரூமில் நம்பிக்கை எப்படிக் கசிந்து போகிறது, இதையெல்லாம் அவர் மூன்று பேரின் அனுபவத்தில் பார்த்துவிட்டார்.

2018 மே மாதம் அவரைத் தலைமைக் கோச் ஆக்கியபோது, எந்த மட்டத்திலும் தலைமைக் கோச்சாக இருந்ததில்லையே என்ற கேள்வி வந்தது. நியாயமான கேள்வி. வழக்கமான பாதை வேறு. சின்ன லீகுகளில் தலைமைக் கோச்சாக இருந்து, பஸ்ஸில் ஊர் ஊராகப் போய், ஒவ்வொரு படியாக ஏறி வருவார்கள். என்.எச்.எல்.லில் ஓர் ஆட்டம்கூட ஆடாத ஜாரெட் பெட்னர் அப்படி ஏறியவர். மூன்றாம் மட்ட லீகின் கெல்லி கோப்பை, இரண்டாம் மட்டத்தின் கால்டர் கோப்பை, அப்புறம் 2022இல் கொலராடோவோடு ஸ்டான்லி கோப்பை, மூன்றையும் கோச்சாக வென்றார்.

இங்கே கோச்சின் வேலை என்ன என்பதைச் சொல்லாவிட்டால் மீதி புரியாது. கிரிக்கெட்டில் ஆட்டம் தொடங்கிவிட்டால் களத்தில் முடிவெடுப்பவர் கேப்டன். ஐஸ் ஹாக்கியில் நேர்மாறு. ஒரு வீரர் ஒரு தடவைக்கு முக்கால் நிமிடம்தான் ஐஸில் இருப்பார், அதற்கு மேல் கால் தாங்காது. ஆட்டம் ஓடிக்கொண்டிருக்கும்போதே தடுப்பைத் தாண்டி ஒரு கூட்டம் உள்ளே குதிக்கும், ஒரு கூட்டம் வெளியே வரும். அடுத்து யார் என்று பெஞ்சுக்குப் பின்னால் நிற்கும் கோச்தான் பெயர் சொல்லிக்கொண்டே இருக்க வேண்டும். ஆட்டம் நிற்கும்போது, எதிரணி யாரை இறக்குகிறது என்று பார்த்துவிட்டுக் கடைசியாக மாற்றும் உரிமை சொந்த ஊர் அணிக்கு உண்டு. ஓர் ஆட்டத்துக்கு ஒரே ஒரு டைம்அவுட், அதுவும் 30 விநாடி. இவ்வளவுதான் கையில் இருக்கும் கருவிகள். மீதியெல்லாம் பயிற்சியில் ஊற வைத்ததுதான்.

பிரிண்டமோர் ஊற வைத்தது அவர் ஆடிய ஆட்டத்தையே. பக் கிடைத்தால் எதிரணியின் மூலைக்குத் தள்ளு, துரத்து, மோதிப் பிடுங்கு. தடுக்கும்போது இடத்தைக் காக்காதே, ஆளைக் காவல் இரு. ஐஸ் முழுக்க ஆளுக்கு ஆள். இது உடம்பைப் பிழிந்தெடுக்கும் முறை. ஒருவர் சோம்பினாலும் ஓட்டை விழுந்துவிடும். "இவ்வளவு ஓட முடியாது" என்று எந்த வீரரும் அவரிடம் சொல்ல முடியாது, அவர் 35 வயதில் 24 நிமிடம் ஓடியவர் என்பது எல்லோருக்கும் தெரியும்.

முதல் சீசனிலேயே அணிக்கு 99 பாயின்ட் (வெற்றிக்கு இரண்டு என்ற கணக்கில்), பிளேஆஃப். கேப்டனாக இருந்தவர் ஜஸ்டின் வில்லியம்ஸ், 2006 கோப்பை அணியில் இவரோடு ஆடியவர். அந்த வருடம் சொந்த ஊரில் ஜெயித்தால் வீரர்கள் எல்லோரும் சேர்ந்து ரசிகர்களோடு கைதட்டி, ஐஸில் சறுக்கி விழுந்து, சின்னச் சின்னக் கூத்தாகக் கொண்டாடுவார்கள். கனடாவின் புகழ்பெற்ற டி.வி. விமர்சகர் டான் செர்ரி அதைப் பார்த்துக் கடுப்பாகித் திட்டினார். அந்தத் திட்டையே டி-ஷர்ட்டில் அச்சடித்து விற்றது அணி நிர்வாகம். பிரிண்டமோர் பழைய காலத்து ஆள், கண்டிப்பானவர். ஆனாலும் இதைத் தடுக்கவில்லை. ஒன்பது வருடம் காலியாகிக்கொண்டே போன அரங்கத்துக்கு ஆட்களைத் திரும்பக் கொண்டுவர வேண்டும் என்பது அவருக்குப் புரிந்திருந்தது. அது எனக்கு மிகவும் பிடித்த முடிவு.

அந்தப் பிளேஆஃபின் முதல் சுற்றில் நடப்புச் சாம்பியன் வாஷிங்டன் கேபிடல்ஸ். ஏழாவது ஆட்டம், அவர்கள் ஊரில், 3-1 என்று பின்தங்கி, சமன் செய்து, இரண்டாவது ஓவர்டைமில் பிராக் மெக்கின் அடித்த கோலில் வென்றார்கள். கோலுக்குப் பக்கைக் கொடுத்தவர் வில்லியம்ஸ்.

அவருடைய முறை எப்படி வேலை செய்கிறது என்று யாராவது என்னிடம் கேட்டால், நான் 2020 பிப்ரவரி 22ஆம் தேதி டொராண்டோவில் நடந்த ஆட்டத்தைத்தான் காட்டுவேன். கரோலினாவின் இரண்டு கோல்கீப்பர்களும் அடுத்தடுத்து காயம். இப்படி நடந்தால் உள்ளூரில் தயாராக வைத்திருக்கும் அவசர கோல்கீப்பரை இறக்க வேண்டும் என்பது விதி. வந்தவர் டேவிட் ஏர்ஸ், 42 வயது. ஐஸைச் சமன் செய்யும் ஜாம்போனி வண்டி ஓட்டியவர், சிறுநீரக மாற்று சிகிச்சை செய்துகொண்டவர். முதலில் வந்த இரண்டு ஷாட்டும் கோல். அதன் பிறகு நடந்ததுதான் விஷயம். கரோலினா வீரர்கள் ஐந்து பேரும் அவருக்கு முன்னால் சுவர் கட்டினார்கள். லீகிலேயே கோல் அடிப்பதில் பலம் வாய்ந்த அணிகளில் ஒன்றான டொராண்டோவால், அவர் நின்ற நேரம் முழுக்க மொத்தம் 10 ஷாட்டுகள்தான் அடிக்க முடிந்தது. எட்டை அவர் தடுத்தார். 6-3 வெற்றி. செய்திகளில் ஏர்ஸின் கதை உலகம் முழுக்கப் போனது, போக வேண்டிய கதைதான். நான் அதில் பார்த்தது ஒரு கோச்சின் கைவேலையையும்.

2021இல் சிறந்த கோச்சுக்கான ஜாக் ஆடம்ஸ் விருது. அதே வருடம் ஒப்பந்தத்தைப் புதுப்பிக்கும்போது, தன்னோடு வேலை செய்யும் உதவிக் கோச்சுகள், பயிற்சியாளர்கள், உபகரணம் பார்த்துக்கொள்பவர்கள் ஆகியோரின் சம்பளம் சரியாகும் வரை கையெழுத்துப் போடாமல் தள்ளிக்கொண்டே போனார் என்று செய்திகள் வந்தன. உதவிக் கோச்சாக ஏழு வருடம் இருந்தவருக்கு அந்த வேலையின் அருமை தெரிந்திருக்கும். 2021-22இல் 116 பாயின்ட், அணியின் வரலாற்றிலேயே அதிகம். 500 ஆட்டங்கள் ஆகும் முன்பே கோச்சாக 300 வெற்றிகளைத் தொட்டார். 2019இலிருந்து 2025 வரை ஏழு வருடமும் பிளேஆஃப், ஏழு வருடமும் குறைந்தது ஒரு சுற்றாவது வெற்றி.

குறையையும் சொல்ல வேண்டும். அரையிறுதி என்று நாம் சொல்லக்கூடிய மாநாட்டு இறுதிச் சுற்றில் இந்த அணி திணறியிருக்கிறது. 2019இல் பாஸ்டனிடம் 4-0, 2023இல் ஃபுளோரிடாவிடம் 4-0. இந்த எட்டு ஆட்டங்களிலும் சேர்த்து கரோலினா அடித்தது 11 கோல்தான். 2023இன் முதல் ஆட்டம் நான்கு ஓவர்டைம் போனது. நான் விடாமல் உட்கார்ந்து பார்த்தேன், அங்கே நள்ளிரவு தாண்டி இரண்டு மணியை நெருங்கிக்கொண்டிருந்தது. நான்காவது ஓவர்டைம் முடிய 13 விநாடிகூட இல்லாதபோது மேத்யூ கச்சக் அடித்து முடித்தார். அந்தத் தொடரின் நான்கு தோல்வியும் ஒரே கோல் வித்தியாசம். ஷாட்டுகளை அள்ளிக் குவிக்கும் இந்த முறை சீசன் முழுக்கச் சோறு போடும், ஆனால் தலைசிறந்த கோல்கீப்பர் எதிரில் நிற்கும்போது எண்ணிக்கை மட்டும் போதாது, ஒரே ஷாட்டில் ஆட்டத்தை முடிக்கும் கை வேண்டும் என்பது என் கருத்து. அந்தக் கையைப் பயிற்சியால் உண்டாக்க முடியாது. கிரெட்ஸ்கியிடம் இருந்தது அதுதான். 2025இல் மீண்டும் ஃபுளோரிடா. முதல் மூன்றையும் இழந்து, நான்காவதை 3-0 என்று வென்று, மாநாட்டு இறுதிகளில் 2009இலிருந்து தொடர்ந்த 15 தோல்விகளுக்கு ஒரு முடிவு கட்டினார்கள். ஐந்தாவது ஆட்டத்தில் 2-0 என்று முன்னால் இருந்தும் 5-3 என்று தோற்றார்கள்.

"அப்படியென்றால் பெரிய வீரர்கள் கோச் ஆகவே கூடாதா?" என்று கேட்பீர்கள். அப்படி ஒரு விதி போட முடியாது. டோ பிளேக் மான்ட்ரியாலின் கேப்டனாகக் கோப்பை வென்றவர், அதே அணிக்குக் கோச்சாக எட்டுக் கோப்பை வென்றார். மார்ட்டின் செயின்ட் லூயி லீகின் மிகச் சிறந்த வீரர் விருது வாங்கியவர். 2022இல் மான்ட்ரியால் அவரைக் கோச்சாக அழைத்தபோது தலைமைக் கோச்சாக அவரிடம் இருந்த அனுபவம் சிறுவர் அணிகளுக்குச் சொல்லிக்கொடுத்தது மட்டும்தான். உயரம் போதாது என்று எந்த அணியும் டிராஃப்டில் எடுக்காத ஆள் அவர். ஒவ்வொன்றையும் யோசித்து யோசித்துக் கற்றவர், அதனால் எடுத்துச் சொல்ல அவருக்கு வார்த்தை இருக்கிறது. மறுபக்கம் ஸ்காட்டி போமன், ஒன்பது ஸ்டான்லி கோப்பைகள், கோச்சுகளில் அவருக்கு மேல் யாரும் இல்லை. என்.எச்.எல்.லில் ஓர் ஆட்டம்கூட ஆடியதில்லை. 1952இல் ஜூனியர் ஆட்டமொன்றில் ஜான்-கீ டால்போ என்ற வீரரின் ஸ்டிக் தலையில் பட்டு ஆட்ட வாழ்க்கையே போனது. பல வருடம் கழித்து அதே டால்போ, செயின்ட் லூயிஸில் போமனின் அணியிலேயே ஆடினார்.

நீங்கள் ஒரு ஹரிக்கேன்ஸ் ஆட்டம் பார்க்க நேர்ந்தால் பக்கை மட்டும் துரத்தாமல், மூன்றாவது பீரியடின் கடைசி நிமிடத்தில் பெஞ்சைப் பாருங்கள். கரோலினா ஒரு கோல் முன்னால், தங்கள் கோலுக்குப் பக்கத்திலேயே ஃபேஸ்ஆஃப். பிரிண்டமோர் பெரும்பாலும் அனுப்புவது கேப்டன் ஜோர்டன் ஸ்டாலை. 2010இல் இவரிடமிருந்து கேப்டன் பொறுப்பை வாங்கிக்கொண்ட எரிக்கின் தம்பி. இவரைப் போலவே இடக்கையர், இவரைப் போலவே தடுப்பில் பெயர் வாங்கியவர். ஸ்டால் குனிந்து ஸ்டிக்கின் கீழ்ப்பகுதியைப் பிடித்து இடுப்பைத் தாழ்த்தும்போது, பெஞ்சுக்குப் பின்னால் கையைக் கட்டிக்கொண்டு நிற்கும் கோச்சின் முகத்தையும் ஒரு தடவை பாருங்கள்.